புசல்லாவை பஸ்ஸில் ஒரு வோக்மன் கச்சேரி

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். பூனையைச் சொல்லிக் குற்றமில்லை. நான் காதை மூடிக்கொண்டு, பூலோகமே செவிடாகிவிட்டதாக நினைத்தவன்.

புசல்லாவையில் எங்கள் வீட்டில் அத்தனை பேருக்கும் ஒரே ரேடியோ. பட்டரி இறங்கினால் பாட்டு முனகத் தொடங்கும். அமுங்கிப்போன இடத்தை நாங்கள்தான் பாடி நிரப்ப வேண்டும். (பட்டரியை வெயிலில் காயவைத்தால் உயிர் வரும் என்பார்கள். புசல்லாவையில் வெயிலுக்கு எங்கே போவது?) அதனால் எனக்குப் பாட்டுக் கேட்பதும் பாடுவதும் ஒரே வேலையாகவே பழகிவிட்டது.

அப்போதுதான் குவைத்திலிருந்து வந்த மாமா மகன் எனக்கொரு வோக்மன் தந்தான். காதில் மாட்டினேன். வயலின் இடது காதில், தபேலா வலது காதில். பாடகர் நடுமண்டையில் உட்கார்ந்து எனக்கே எனக்கென்று பாடினார். இத்தனை காலமும் பாட்டின் தோலைத்தான் கேட்டிருக்கிறோம் என்று தோன்றியது. அதைக் கண்டுபிடித்தவனைக் காலில் விழுந்து கும்பிடலாம். இன்றும் என் அபிப்பிராயம் அதுதான்.

அந்தச் சனிக்கிழமை நானும் அம்மாவும் கண்டிக்குப் பெண் பார்க்கக் கிளம்பினோம். சம்பந்தம் பேசிய பெரியம்மா கண்டியில் இருந்தார். பெண் எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர், சனி ஞாயிறில்தான் கண்டி வீட்டுக்கு வருவாள் என்று சொல்லியிருந்தார். போட்டோ கேட்டதற்கு, “நேர்லயே பாத்துக்கலாம்” என்று பதில் வந்திருந்தது. பஸ்ஸில் அம்மாவுக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது, எனக்குக் கடைசி வரிசையில். ஹெட்போனை மாட்டினேன்.

கம்பளைக்கு முன்பே சனம் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. வோக்மனைக் காணாத சனம், பார்க்கட்டும் என்று பெட்டியைச் சட்டைப்பையில் எடுப்பாக வைத்துக்கொண்டேன். வளைவுகளில் இஞ்சின் உறுமும்போது பாட்டு அமுங்கியது. பழக்கதோஷம், அமுங்கிய இடத்தை நிரப்பினேன். கண்டக்டர் வந்து என்னவோ வாயசைத்தார். எங்கே வாங்கியது என்று கேட்கிறாராக்கும். “குவைத்து!” என்றேன். பேராதனை தாண்டும்போது என் குரல் பஸ்ஸின் கூரையைத் தொட்டதாகப் பின்னால் அறிந்தேன்.

இறங்கியதும் அம்மா குடையை இடுக்கிக்கொண்டு பத்தடி முன்னால் நடந்தார். பெண் பார்க்கப் போகிற பதற்றம் என்று நினைத்தேன்.

பெரியம்மா வீட்டில் முகம் கழுவி, அவரையும் கூட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனோம். பெண்ணின் அப்பா கண்டியில் புடவைக்கடை வைத்திருப்பவர். “வாங்க, வாங்க” என்று கதிரை போட்டார். பெண் தேத்தண்ணியோடு வந்தாள். பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஆனால் அவள் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்து கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மா வழக்கப்படி தொடங்கினார். “பொண்ணு நல்லா பாடும். ஒரு பாட்டு பாடச் சொல்லுங்க.”

“பாட்டெல்லாம் வேணாம்ங்க!” என்று அம்மா அலறினார்.

பெண் தட்டைக் கீழே வைத்தாள். “நான் பாடுறேன். ஆனா மாப்பிள்ளை புசல்லாவையில இருந்து கண்டி வரைக்கும் பஸ்ஸுல பாடிக்கிட்டே வந்தாங்க. அவங்களுக்கு மொதல்ல ஒரு சோடா குடுங்கப்பா.” பிறகு அம்மாவிடம் திரும்பினாள். “பக்கத்து சீட்டுல இருந்த உங்ககிட்டத்தானே, அது யாருன்னு கேட்டேன்? ‘யாரு பெத்த புள்ளையோ, பாவம்’னு சொன்னீங்க.”

அம்மா சேலைத் தலைப்புக்குள் போய்விட்டார். (பெற்ற மகனையே கைவிட்டிருக்கிறார்!)

பெண்ணின் அப்பா முகம் மாறியது. “காலங்காத்தாலயே பாட்டா? தம்பி குடிப்பாரா?”

கிடைத்த நல்ல இடம் கைநழுவிப் போகிறது. “இல்லைங்க, வோக்மன்...” என்று பெட்டியைக் காட்டினேன். அவர் அது ஏதோ மருந்துப் பெட்டி என்பதுபோல் பார்த்தார்.

அப்போது அவள் செய்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. என் கையிலிருந்ததை வாங்கி, ஹெட்போனை அப்பாவின் காதில் மாட்டி, பட்டனை அமுக்கினாள். மனிதர் திடுக்கிட்டார். சுற்றிலும் பார்த்தார். கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் தலை மட்டும் ஆடியது. அப்புறம் வாய் திறந்தது. என்ன குரல்! நானாவது சுருதியை அவ்வப்போது எட்டிப் பார்ப்பேன். அவர் அந்தத் தெருப்பக்கமே போகாமல் சரணம் முழுவதையும் பாடி முடித்தார். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

அவள் ஹெட்போனை மெதுவாகக் கழற்றினாள். “அப்பா, நீங்க குடிச்சிருக்கீங்களா?”

வீடே சிரித்தது. அன்றைக்கே தாம்பூலம் மாற்றிவிட்டுத்தான் கிளம்பினோம். வோக்மனை மாமனாரிடமே விட்டுவிட்டு வந்தேன். கேட்டேன், தரவில்லை.

பிறகு சீடி வந்தது, போன் வந்தது. இப்போது என் மகன் காதில் கடுக்கன் அளவில் எதையோ செருகிக்கொள்கிறான், கம்பியே கிடையாது. எத்தனை பாட்டு வேண்டுமானாலும் அதில் வருகிறது. எனக்குப் பொறாமைதான். போன வாரம் அவனோடு நானும் மனைவியும் கண்டி வாவியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம். அவன் முன்னால் போய்க்கொண்டே வாத்துகள் மிரளும்படி பாடினான். எதிரே வந்த ஒரு அம்மா நின்று, “யாருங்க அது, தெரியுமா?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

“யாரு பெத்த புள்ளையோ, பாவம்.”