பத்து விநாடி அண்ணாச்சி

நம் ஊர்ப் பக்கம் ஓர் இனம் உண்டு; பாட்டைக் காதால் கேட்காது, கட்டைவிரலால் கேட்கும். சிவகாசியில் அந்த இனத்துக்குத் தலைவர் மணிகண்டராஜ் அண்ணாச்சி. பட்டாசுக் கம்பெனி முதலாளி. போதாக்குறைக்குத் திருவிழாக் கச்சேரிக் கமிட்டிக்குச் செயலாளர் வேறு.

கம்பெனியில் அவர் சாம்பிள் பார்க்கிற அழகே தனி. லோடு ஏறுவதற்கு முன் ஒரே ஒரு வெடியை எடுப்பார், பற்ற வைப்பார், காதைக் கிழித்தால் அத்தனை பெட்டியும் பாஸ், புஸ்ஸென்று போனால் அத்தனையும் திரும்பிப் போகும். வெடிக்குச் சரி. பாட்டுக்குமா?

கீர்த்திகா, பிரபாகரன், இன்னும் இரண்டு பேர் சேர்ந்த இசைக்குழு, தங்கள் முதல் ஆல்பத்தோடு அவரிடம் வந்தது. பெயர் 'மழை லீவு'. ஏழு பாட்டு. மூன்றாவது பாட்டில், இரண்டு நிமிடம் கழித்துப் பிரபாகரனின் அம்மா வள்ளித்தாய் பாடுவார். அண்ணாச்சி கம்பெனியிலேயே பதினெட்டு வருஷமாகத் திரி வைப்பவர். அம்மா திருவிழா மேடையில் ஊர் பார்க்கப் பாட வேண்டும், மகனுக்கு வேறு ஆசையே இல்லை. அண்ணாச்சி தலையசைத்தால்தான் மேடை.

பிரபாகரன் நீட்டிய ஃபோனை அண்ணாச்சி வாங்கினார். முதல் பாட்டு, பத்து விநாடி. "சத்தம் பத்தல." தள்ளினார். இரண்டாவது. "இழுவை." தள்ளினார். மூன்றாவதில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. "என்னலே, ரெக்கார்டு ரிப்பேரா?" காப்பி ஆறுவதற்குள் ஏழு பாட்டும் முடிந்துவிட்டன.

"அண்ணாச்சி, திரி பத்தியும் வெடிக்கலைன்னா அவசரப்பட்டுக் கிட்டப் போகாதீக, பொறுங்கன்னு ஆளுகளுக்குச் சொல்லுவீகள்ல? பாட்டுக்கும் கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?" என்றாள் கீர்த்திகா.

"அது உசுரு சமாச்சாரம் தாயி. இது பாட்டுதான?"

பிரபாகரன் முகம் தொங்கிவிட்டது. கீர்த்திகா அசரவில்லை. அச்சாபீஸ்காரர் மகளாயிற்றே, சாம்பிள் காட்டி ஆர்டர் பிடிக்கத் தெரியாதா? ஏழு பாட்டிலும் டிரம்ஸ் அதிர்கிற இடங்களை மட்டும் வெட்டி ஒட்டி, சரியாகப் பத்து விநாடிக்கு ஒரு துண்டு செய்து மறுநாள் காலையில் நீட்டினாள். அண்ணாச்சி நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். "இத மொதல்லயே கொண்டாந்திருக்கலாம்ல! அம்புட்டும் பாஸ்!"

திருவிழா அன்று முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். ஊரே பார்க்கிறது, எழுந்து போக முடியாது. மேடையைக் கட்டைவிரலால் தள்ளவும் முடியாது. பாவம், மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாட்டை முழுசாகக் கேட்கும்படி ஆகிவிட்டது. மூன்றாவது பாட்டில் மழைச் சத்தம் ஓய்ந்து வள்ளித்தாய் குரலெடுத்ததும், "ஏலே, இது நம்ம கம்பெனி வள்ளித்தாயில்ல?" என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான் துடைத்துக்கொண்டேன், மறைப்பானேன்?

மறுநாள் கடைத்தெருவில் அவர் பேச்சைக் கேட்க வேண்டுமே! "சாம்பிள்லயே கண்டுபிடிச்சிட்டேம்லே!"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் உங்கள் அக்காள் மகள் தானே பாடி அனுப்பினாளே, நாலு நிமிடப் பாட்டு, அது வந்து சேர்ந்த அதே நிமிடத்தில் நீங்கள் 'சூப்பர்' என்று பதில் போட்டீர்கள். பதில் வந்த மணியை அவள் பார்த்துவிட்டாள்.