முகத்துக்குத் துரு எடுத்த கதை

எனக்குக் கோபம் வந்தால் அது நியாயம் பார்க்காது. ஆனால் இந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் பெரியம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, "தாத்தா நல்லாருக்கீங்களா? பொண்ணோட அப்பா டூட்டிக்குப் போயிருக்காரா?" என்று கேட்டார். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. (அந்த அம்மாவுக்கு அறுபதுக்குக் குறையாது. நான் தாத்தாவாம்.) என் மனைவி காபித் தட்டோடு உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போது சபையில் நான் பெண்ணுக்கு அப்பாவாகத் தெரிய வேண்டும். அது ஒன்றுதான் அம்மனிடம் என் வேண்டுதல்.

அந்த வாரமே ஓசூரில் எங்கள் கம்பெனி கேன்டீனில் ஒரு டாக்டரம்மா வந்து பேசினார். வெயிலும் புகையும் படப்பட உடம்பில் ஃப்ரீ ராடிக்கல் என்று ஒன்று கிளம்புமாம். தோலை இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை அது கெடுக்க, சுருக்கம் விழுமாம். அதை அடக்குவது ஆன்டி ஆக்ஸிடன்ட்; தக்காளி, நெல்லிக்காய், கீரை, எலுமிச்சையில் இருக்கிறதாம். "இரும்பு துருப்பிடிக்கிற மாதிரின்னு வெச்சிக்கோங்க" என்றார்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இருபது வருடமாக என் வேலையே துரு எடுப்பது. இரும்புப் பார்ட்டைப் பிசுக்குப் போகக் கழுவி, ஆசிட் தொட்டியில் முக்கி, அலசி, காயவைத்து, ஆயில் பூச வேண்டும். துருவைப் பற்றி எனக்கே பாடமா? மீதிப் பேச்சை நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் பூசாரி, அம்மன் மாலையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழம் கொடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தாய் வழி காட்டிவிட்டாள் என்று உடம்பு சிலிர்த்தது. வீட்டில் சோப்புப் போட்டு முகத்தைத் தேய்த்து, இரண்டையும் பிழிந்து பூசிக்கொண்டு, உச்சி வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்தேன்.

"என்னாங்க, வடகமா?" என்றாள் மனைவி.

"துரு எடுக்கறேன். உனக்குப் புரியாது போ."

கடைசியாகத் தேங்காய் எண்ணெய்.

சனிக்கிழமை சாயங்காலம் கன்னமெல்லாம் கொப்புளம். அதே டாக்டரம்மாவிடம் ஓடினேன். "எலுமிச்சைய மூஞ்சில பூசிட்டு வெயில்ல உக்காந்தா வெந்துடுங்க. அது சாப்பிடறதுக்கு. வெயிலுக்குக் குடை பிடிங்க, பீடிய விடுங்கன்னு சொன்னேனே, காதுல விழலையா?" என்றார்.

யார்மேல் கோபப்படுவது? டாக்டரம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அம்மன் கும்பிடக் கொடுத்தாள். மிச்சம் நான் ஒருவன்தான். என்னையே நான் எப்படி அறைவது? அறைய முகத்தில் இடமும் இல்லை.

மறுநாள் நிச்சயதார்த்த மண்டபத்தில் அந்தப் பெரியம்மா என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார். "அம்மை போட்டிருக்கு. அம்மை கண்ட வீட்ல தட்டு மாத்தக் கூடாது. எல்லாரும் எந்திரிங்க."

பாதிச் சபை எழுந்துவிட்டது. மகள் முகம் வெளுத்தது. வேறு வழியில்லை. அத்தனை பேர் முன்னாலும் நின்று, சோப்பு முதல் தேங்காய் எண்ணெய் வரை ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டேன். மாப்பிள்ளை இன்னொரு கம்பெனியில் பார்ட் சரியாக வந்திருக்கிறதா என்று சோதிக்கும் வேலையில் இருப்பவர். கிட்டே வந்து என் கன்னத்தை உற்றுப் பார்த்தார்.

"மாமா, ஆசிட்டுக்கு அப்புறம் தண்ணில அலசினீங்களா?"

"இல்ல."

"அலசாம காயவெச்சா பார்ட்டே போயிடுமே மாமா. பெரிம்மா, இது அம்மை இல்ல. உக்காருங்க."

மண்டபமே சிரித்தது. பெரியம்மாதான் அதிகம் சிரித்தார். ஆனால் தட்டு மாறியது. தாயே, அதற்காக உனக்கு ஆயிரம் கும்பிடு.

பீடியை அன்றோடு விட்டேன். சுருக்கம் போகவில்லை, கூடவே கன்னத்தில் ஒரு கறுப்புத் திட்டும் தங்கிவிட்டது. வீட்டில் எலுமிச்சம்பழத்தைக் கண்டால் போதும், "அலசியாச்சா?" என்று யாராவது கேட்பார்கள். இப்போது பேரன் இருக்கிறான். என்னைத் தாத்தா என்று கூப்பிட உரிமை உள்ளவன் அவன் ஒருவன்தான். அவனோ தாத்தா என்று சொல்வதற்கு முன்பே என் கன்னத்தைத் தொட்டு, "அச்சியாச்சா?" என்றான். சொல்லிக்கொடுத்தது யாரென்று தெரியும். தீபாவளிக்கு வரட்டும் மாப்பிள்ளை.