இருட்டு அண்ணாச்சியின் இருபது நிமிடம்

வெளிச்சத்தை விற்று வீடு கட்டி, அந்த வீட்டு மாடியிலேயே நின்று இருட்டுக்காக ஊரைக் கெஞ்சிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் பாளையங்கோட்டையில் எனக்கு அடுத்த வீட்டில்தான் வந்து வாய்த்தார். எலக்ட்ரிக் கடை வைத்திருந்ததால் முதலில் லைட்டுக்கடை அண்ணாச்சி என்றோம். பிறகு இருட்டு அண்ணாச்சி என்றோம். அவரால் நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் கொட்டாவி வருகிறது.

தெருவில் அவரிடம் லைட் வாங்காத வீடு கிடையாது. "இத மாட்டும் வே, உம்ம வாசல்ல ஊசி விழுந்தாலும் எடுத்துரலாம்" என்பார். என் வாசலில் யாரும் ஊசியைப் போடப் போவதில்லை என்று தெரிந்தும் இரண்டு வாங்கினேன். வெள்ளை வெளேரென்று எல்.இ.டி. லைட். தெருக் காக்கைகளுக்கு எப்போது தூங்குவதென்றே தெரியாமல் போயிற்று.

வினையை ஆரம்பித்தது மதினி, அதாவது அண்ணாச்சியின் மனைவி. அவருக்கு மூட்டுவலி. மாடி ஏறியே நாலு வருஷம் இருக்கும். ஒரு தை மாதம், இருட்டிய பிறகு, காயப்போட்ட துணிகளோடு இறங்கி வந்த அண்ணாச்சியிடம் கேட்டார்.

"மேல வரிசையா மூணு நட்சத்திரம் நிக்கும்லா, அதுக்குப் பக்கத்துல பஞ்சப் பிச்சுப் போட்டாப்புல ஒண்ணு தெரியும். கல்யாணமான புதுசுல பாத்தோமே. இப்பமும் இருக்கா?"

அண்ணாச்சி மறுபடி ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். "மூணும் நிக்கி. பஞ்சத்தான் காணல."

"எப்படித் தெரியும்? நீங்க வித்த லைட்டெல்லாம் சேந்து அத முழுங்கிட்டுல்லா."

மதினி வெங்காயம் உரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அண்ணாச்சிக்கு அன்று சோறு இறங்கவில்லை. பங்குனியில் பெங்களூரிலிருந்து மகள் வந்து, வைத்தியத்துக்காக இருவரையும் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அதற்குள் அந்தப் பஞ்சைப் போட்டோ எடுத்து மதினி கையில் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டார்.

பழைய கேமரா ஒன்று வந்தது. மூன்று கால் ஸ்டாண்டு வந்தது. செல்போனில் வீடியோ வீடியோவாகப் பாடம் படித்தார். பஞ்சுக்கு ஓரியன் நெபுலா என்று பெயர் தெரிந்தது; வானத்து வாயு மேகமாம். டவுன் வெளிச்சத்தில் ஒரே படமாக ரொம்ப நேரம் எடுத்தால் வானம் வெளுத்துவிடும். இரண்டிரண்டு வினாடியாக நூற்றுக்கணக்கில் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். கேமராவில் உள்ள குறைகளைக் கழிக்கத் தனியாகச் சில படங்கள் வேறு எடுக்க வேண்டும்.

இந்த ஞானம் எனக்கு வருவதற்கு முன் ஒரு நாள் மாடிக்குப் போனேன். மூடி போட்ட லென்ஸோடு மனிதர் படபடவென்று எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மூடியக் கழத்தலையே."

"தெரியும் வே. இருட்ட எடுக்கேன்."

மறுநாள் லென்ஸின் முகத்தில் அவருடைய எட்டு முழ வேட்டி இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அவர் இடுப்பில் துண்டு மட்டும்தான்.

"இது என்ன அண்ணாச்சி?"

"வெள்ளைய எடுக்கேன்."

மேற்கொண்டு கேட்கத் தெம்பில்லாமல் இறங்கி வந்துவிட்டேன். இரண்டுமே அந்தக் குறை கழிக்கிற படங்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

பஞ்சு மட்டும் படத்தில் விழவில்லை. ஒரு நாள் முகம் தொங்கிப்போய் வந்தார். "பழைய மஞ்ச லைட்டா இருந்தா கேமராவுல ஒரு கண்ணாடிய மாட்டி வடிகட்டிரலாமாம் வே. இந்த வெள்ளை லைட்டு வடிகட்டுனாலும் போகாதாம்."

"மஞ்ச லைட்டையெல்லாம் கழத்த வச்சது யாரு அண்ணாச்சி?"

"நாந்தான்" என்றார். கேட்டிருக்க வேண்டாம் என்று இருந்தது எனக்கு.

அதன் பிறகுதான் வீடு வீடாக ஏறி இறங்கினோம். மாசி பிறந்து பாதி போயிருந்தது. ஏழே முக்காலிலிருந்து இருபது நிமிடம் எல்லோரும் லைட்டை அணைக்க வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. எதிர்வீட்டு வாத்தியார் கதவைப் பாதிதான் திறந்தார்.

"விக்கும்போது தெருவே பகலா இருக்கும்னீரு. இப்பம் அணைக்கச் சொல்லுதீரு. உமக்கு என்னதான் வே வேணும்?"

"இருவது நிமிசம்."

மதினிக்காக என்று நான்தான் பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னேன். எல்லா வீட்டிலும் அதே விளக்கம். என் முழங்காலும் மதினியின் முழங்கால் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் தெருவே சம்மதித்தது. யாராவது ஒரு சுவிட்சை மறந்துவிடுவார்கள் என்று பயந்து, மெயினையே அணைத்துவிடச் சொன்னார் அண்ணாச்சி.

ஏழே முக்கால். மெயின்கள் வரிசையாக விழுந்தன. தெருக்கோடியில் ஒற்றைத் தெருவிளக்கைத் தவிர எல்லாம் இருட்டு. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவ்வளவு நட்சத்திரங்கள் எங்கள் தெருவுக்கு மேலே இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். கேமரா ஒரு தரம் சத்தம் போட்டது.

அதற்குள் எல்லா வீட்டு வாசலிலும் எமர்ஜென்சி லைட்டுகள் பளீரென்று எரிந்தன. கரண்ட் போனால் மறு நொடி தானாக எரியும், சுவிட்சைத் தேடவே வேண்டாம் என்று சொல்லி அண்ணாச்சியே விற்றவை. முன்பைவிடப் பிரகாசமாக இருந்தது.

அண்ணாச்சி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"நல்ல சரக்கு வே" என்றார் களைத்த குரலில். "ஒண்ணுகூடப் பழுதாகல."

அதோடு விட்டுவிடுவார் என்று நம்பினேன். விடவில்லை. மறுநாளிலிருந்து தினமும் அதே நேரம் மாடியில் நின்றார். முடிந்தவர்கள் வாசல் லைட்டை மட்டும் அணைத்தார்கள். போகப் போக அவர்களும் மறந்தார்கள். நான் மறந்தால் சுவரைத் தட்டிக் கூப்பிடுவார் என்பதால் மறக்கவில்லை. மூன்று வாரம் எடுத்ததையெல்லாம் அடுக்கியபோது, புள்ளி புள்ளியாக இறைந்து கிடந்த வானத்தில், கத்தரிப்பூ நிறத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறை தெரிந்தது.

ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு மதினியிடம் கொடுத்தார். நான் வாசற்படியில் நின்றேன். மதினி கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அண்ணாச்சி பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி நின்றார்.

"இருக்கு" என்றார் மதினி. இன்னும் கிட்டே கொண்டுபோய், "அங்கனயேதான் இருக்கு" என்றார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு, "சரி, கேமராவுல கட்டுன அந்த வேட்டிய ஊறப்போடுங்க. ஒரே அழுக்கா இருக்கு" என்றார்.

அண்ணாச்சி துவைக்கிற கல்லுக்குப் போகும்போது முகத்தை எனக்குக் காட்டாமல்தான் போனார்.

பங்குனியில் மகள் வந்து கூட்டிப்போனாள். படம் பெட்டியில் துணிகளுக்கு நடுவே போயிற்று. வைத்தியத்துக்குப் போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். இப்போது அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். சுவரை யாரும் தட்டுவதில்லை.

ஏழே முக்காலுக்கு என் கை தானாக வாசல் சுவிட்சுக்குப் போகிறது. "யாருக்காக அணைக்கீங்க?" என்று என் மனைவி கேட்கிறாள். இருபது நிமிடம் படியில் உட்கார்ந்துவிட்டு மறுபடி போடுகிறேன். எனக்கு அண்ணாச்சியைத் தேடுகிறது.