பின்வாசல் துடைப்பமும் கடலோரப் பாதுகாப்புத் திட்டமும்

அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம். வீடும் நலம். தெருவின் எதிர்ச்சுவருக்கு அப்பால் இருக்கும் கடலும் இன்று காலை வெளியே போய்ப் பார்த்தபோது அதனிடத்திலேயே இருந்தது. அங்கு நீங்களும் வீட்டில் உள்ள அனைவரும் உடல்நலத்தோடும் உலர்ந்த தரையோடும் வாழ என் வாழ்த்துகள்.

இது ஒரு நன்றிக் கடிதம். முப்பத்தொரு வருடங்களுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். உங்கள் அக்காவை எனக்குக் கட்டிக்கொடுத்ததற்காக உங்கள் குடும்பத்துக்கு நான் இதுவரை முறைப்படி ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லை என்பது போன மாதம்தான் எனக்கு உறைத்தது. அது எப்படி உறைத்தது என்பதை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

அரசு அச்சகத்தில் முப்பத்து நான்கு வருடம் மெய்ப்புத் திருத்தி ஓய்வுபெற்றவன் நான் என்பது நீங்கள் அறிந்ததே. ஓய்வு எனக்குத்தான் கிடைத்தது, என் சிவப்புப் பேனாவுக்குக் கிடைக்கவில்லை. மருந்துச் சீட்டு, பால் பாக்கெட், மின்வாரிய அறிவிப்பு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் திருத்திக்கொண்டிருந்தேன். பல் டாக்டர் வாசலில் 'பற்களை பிடுங்கப்படும்' என்று எழுதியிருந்த பலகையைத் திருத்தப் போய், அவருடைய கம்பவுண்டரிடம் நான் பட்ட அவமானம் தனிக் கதை. இந்த நிலைமையில்தான் 'கடல்மட்ட உயர்வு: கடலோர பாதுகாப்பு திட்டம், வரைவு அறிக்கை' என்று இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு புத்தகம் நகராட்சி அலுவலகத்தில் வைக்கப்பட்டது. பொதுமக்கள் முப்பது நாளுக்குள் கருத்துச் சொல்லலாமாம். நான் அட்டையைப் பார்த்தேன். 'கடலோர'வுக்குப் பின்னால் ஒற்று இல்லை. 'பாதுகாப்பு'க்குப் பின்னாலும் இல்லை. அரசாங்கம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது. ஒரு பிரதியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தேன்.

பதினோரு நாள் உட்கார்ந்து நானூற்றுப் பதினேழு பிழைகளைக் கண்டுபிடித்தேன். அந்தப் பதினோரு நாளும் நான் பேசியதெல்லாம் ஒற்றைப் பற்றித்தான். உங்கள் அக்கா காய் நறுக்கியபடி 'ம்' கொட்டிக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றாறாம் பக்கம் வந்தது. தலைப்பு 'திட்டமிட்ட பின்வாங்கல் பகுதி'. அதன் கீழே 'கடற்கரை சாலை' என்று இருந்தது, நடுவில் ஒரு 'ச்' போட்டேன். 'முப்பத்தி இரண்டு வீடுகள்' என்று இருந்தது, அதை அடித்து 'முப்பத்திரண்டு வீடுகள்' என்று எழுதினேன். இரண்டையும் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, மிகுந்த மனநிறைவோடு பக்கத்தைப் புரட்டப் போனேன்.

"நில்லுங்க. இப்ப என்ன படிச்சீங்க?" என்றாள்.

"முப்பத்திரண்டு. 'முப்பத்தி இரண்டு'ன்னு எழுதுறது தப்பு."

"நம்ம தெருவுல எத்தனை வீடுங்க?"

"முப்பத்திரண்டு."

"கடற்கரைச் சாலைன்னு நம்ம கதவுக்கு மேல எழுதியிருக்கே, அது எந்தத் தெரு?"

எனக்கு அப்போதுதான் கண் திறந்தது. அந்தப் பக்கத்தை முதல்முறையாக மனிதன் படிப்பதுபோலப் படித்தேன். கடல் ஏறி வருகிறது, இந்தத் தெருவில் வருடத்துக்கு ஒன்பது முறை தண்ணீர் நிற்கிறது, இங்கே தடுப்புச்சுவர் கட்டிக் கட்டுப்படியாகாது, ஆகவே பத்து வருடத்துக்குள் எல்லாரையும் ஊருக்குள் தள்ளிக் குடியமர்த்திவிட்டுத் தெருவைக் கடலுக்கே விட்டுவிடலாம் என்று எழுதியிருந்தது. சொந்த வீட்டை மூழ்கடிக்கும் உத்தரவைப் பிழை நீக்கி அழகுபடுத்திக் கொடுத்திருக்கிறேன், மைத்துனரே! "இந்த வீட்டை விட்டு ஒரு நாள்கூட வெளியே தங்க மாட்டேன்" என்று கத்தினேன். உங்கள் அக்கா நறுக்கிய காயைத் தட்டோடு வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள்.

விஷயம் தெருவில் பரவியது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் தைத்துக்கொண்டிருந்த சட்டையோடு வந்தார், சட்டைக்கு ஒரு கைதான் இருந்தது. எல்லாருமாகச் சேர்ந்து கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நான்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்தார்கள். "நீங்கதான் சார் எழுத்து தெரிஞ்சவர்" என்றார் தையல்காரர். நானும் பதினான்கு பக்கத்துக்கு உரை தயாரித்தேன். முதலில் பிழைகளைச் சுட்டிக்காட்டி அவர்கள் வாயை அடைத்துவிட்டு, பிறகு வீட்டு விஷயத்துக்கு வரலாம் என்பது என் கணக்கு.

கூட்டம் நகராட்சி அரங்கத்தில் நடந்தது. மேடையில் தலைமை அதிகாரி, அவர் பக்கத்தில் இந்த அறிக்கையைத் தயாரித்த பொறியாளர் அம்மா, அவர் எதிரில் ஒரு மணி. ஆளுக்கு மூன்று நிமிடம், மணி அடித்தால் உட்கார்ந்துவிட வேண்டும். நான் ஒலிவாங்கியைச் சரிசெய்து, கண்ணாடியை மாட்டி, அட்டையில் உள்ள முதல் ஒற்றுப்பிழையை விளக்க ஆரம்பித்தேன். இரண்டாவது ஒற்றுக்கு வருவதற்குள் யாரோ "ரத்தம்! ரத்தம்!" என்று கூவினார்கள். குனிந்து பார்த்தால் சட்டைப் பையில் பேனா கசிந்து, நெஞ்சில் யாரோ குத்தியதுபோலச் சிவப்பாகப் பரவியிருக்கிறது. பொறியாளர் அம்மா மேடையிலிருந்து குதித்தே வந்துவிட்டார். என்னைப் படுக்க வைத்தார்கள், காலைத் தூக்கிப் பிடித்தார்கள், தண்ணீர் தெளித்தார்கள். "மைதாங்க, மைதான்" என்று நான் சொன்னது 'மயக்கம்' என்று அவர்கள் காதில் விழுந்ததாம். எழுந்து நின்றபோது மணி அடித்துவிட்டது. அரங்கமே சிரித்தது. எங்கள் தெருக்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை. முப்பத்திரண்டு வீடு என் ஒருவன் வாயை நம்பி இருந்தது, நான் ஒரு 'ப்' மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அப்போது உங்கள் அக்கா எழுந்தாள். ஒலிவாங்கியே வேண்டாம் என்றுவிட்டாள்.

"ஐயா, உங்க புத்தகத்துல எங்க தெருவுக்குத் தண்ணி கடல் பக்கமிருந்து வருதுன்னு போட்டிருக்கீங்க. அது அப்படி வர்றதில்லைங்க. தண்ணி வர்ற அன்னிக்கு முன்வாசல்ல கழட்டிப் போட்ட செருப்பு நனையறதே இல்ல. பின்வாசல்ல சாத்தி வச்ச துடைப்பம்தான் முதல்ல மிதக்கும். முப்பத்தொரு வருஷமா நான்தான் துடைக்கிறேன். நீங்க முன்னாடி சுவர் கட்டினாலும் கட்டாட்டியும் எனக்கு வேலை குறையாது."

தலைமை அதிகாரி மணியைப் பார்த்தார். பொறியாளர் அம்மா அந்த மணியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து நின்று, "அம்மா, அடுத்து எப்ப மிதக்கும்?" என்று கேட்டார்.

"பௌர்ணமிக்கு மறுநாள் காலையில. வாங்க."

வந்தார், மைத்துனரே. சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு, கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். எங்கள் சமையலறையில் சாக்கடைத் துவாரத்தைச் சுற்றி நாங்கள் மூன்று பேரும், தையல்காரரும், டீ குடித்துக்கொண்டே நின்றோம். ஏழரை ஆயிற்று. தரை காய்ந்து கிடந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, தண்ணீர் வராமல் போய்விடுமோ என்று நாங்கள் பயந்தோம். "ஒவ்வொரு தடவையும் கூப்பிடாம வரும், இன்னிக்கு விருந்தாளி இருக்காங்கன்னு கூச்சப்படுது" என்று உங்கள் அக்கா வருத்தப்பட்டாள். ஏழே முக்காலுக்கு உள்ளே களக் களக் என்று ஒரு சத்தம். "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று அவள் கைதட்டினாள். தண்ணீர் வந்தது. பச்சையாக வந்தது! பொறியாளர் அம்மா காலையிலேயே ஆளை அனுப்பி, பின்பக்கத்து வாய்க்கால் கடலில் சேரும் இடத்தில் சாயத்தைக் கரைக்கச் சொல்லியிருக்கிறார். அந்தச் சாயம் வாய்க்காலில் ஏறி, குழாய்க்குள் புகுந்து, எங்கள் துவாரம் வழியாகப் பொங்கிக்கொண்டிருந்தது. துடைப்பம் பச்சையாகி மிதந்தது. வாசலுக்கு ஓடிப் பார்த்தோம். செருப்புகள் நான்கு ஜோடியும் காய்ந்துபோய்க் கிடந்தன.

அந்த அம்மா ஈரத் தரையில் நின்றபடியே சொன்னார்: "தப்பு எங்களோடதுதாங்க. தெருவுல தண்ணி நிக்கிறதைப் படத்துல பார்த்தோம், எந்தப் பக்கமா வருதுன்னு யாரையும் கேட்கல. வாய்க்கால் வாயில ஒருவழிக் கதவு போட்டா மழைத்தண்ணி வெளிய போகும், கடல் தண்ணி உள்ள வராது. ஆனா கடல் ஏறத்தான் போகுது, அதை நான் மறைக்க மாட்டேன். இது ஒரு முப்பது வருஷம் தாங்கும். அதுக்கப்புறம் மறுபடியும் உட்கார்ந்து பேசணும்."

"பேசலாம், நீங்க வந்தா போதும்" என்றாள் உங்கள் அக்கா.

அச்சகத்தில் எத்தனையோ அமைச்சர்கள், பேராசிரியர்கள், பெரிய எழுத்தாளர்கள் எழுதியதைத் திருத்தியிருக்கிறேன். 'தப்பு எங்களோடது' என்று சொன்ன ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். அவருக்கு இன்னொரு டீ போட்டுக் கொடுத்தேன்.

போன வாரம் திருத்திய அறிக்கை வந்தது. தொண்ணூற்றாறாம் பக்கத்தில் எங்கள் தெரு இல்லை. வாய்க்காலுக்கு ஒருவழிக் கதவு, சாலையைக் கொஞ்சம் உயர்த்துவது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பார்ப்பது என்று மாற்றி எழுதியிருக்கிறார்கள். தையல்காரர் அதை நான்கு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுதிக் கொடுத்திருந்த நானூற்றுப் பதினேழு திருத்தங்களையும்கூட ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருக்கும் இடத்தில், 'முக்கிய தகவலை கொடுத்து உதவிய கடற்கரைச் சாலை இல்லத்தரசிக்கு' என்று ஒரு வரி. இரண்டு ஒற்றுப்பிழை. பேனாவை எடுத்தேன். மூடியைத் திறக்க மனம் வரவில்லை, அப்படியே வைத்துவிட்டேன்.

முப்பத்தொரு வருடமாக நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து ஒற்றைத் தேடிக்கொண்டிருக்க, அவள் தனியாகக் கடலைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒருநாளாவது 'தண்ணி எந்தப் பக்கமா வருது?' என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இப்போது காலையில் துடைப்பத்தை நான் எடுக்கிறேன், சரியாகப் பெருக்கவில்லை என்று அவள் திருத்துகிறாள். நீங்களும் உங்கள் பெற்றோரும் எனக்குக் கொடுத்தது எவ்வளவு பெரிய கொடை என்று இப்போதுதான் புரிந்தது. இனி நாங்கள் இந்த வீட்டிலேயே, யாருக்கும் தொந்தரவில்லாமல், ஒரு நாளும் வெளியே தங்காமல் இருந்துவிடுவோம் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

உங்கள் இல்லத்தில் எல்லா நலமும் நிறைந்து, குழாய்த் தண்ணீர் குழாயில் மட்டும் வர வாழ்த்தும்,

உங்கள் அக்காவின் நன்றியுள்ள கணவன்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். தபாலில் போடச் சொல்லி உங்க அத்தான் என்கிட்ட கொடுத்தார், படிச்சுட்டேன். கொஞ்சம் அழுதேன், அதை அவர்கிட்ட சொல்லாதே. இன்னொண்ணும் சொல்லாதே. அந்தத் திட்டத்துல, விருப்பப்பட்டவங்க வீட்டை ஜாக்கி வச்சு நாலடி தூக்கித் தர்றாங்க. தெருவுல முதல் வீடா நம்ம வீட்டைத்தான் தூக்கப் போறாங்க. ரெண்டு மாசம் உள்ளே யாரும் இருக்கக் கூடாதாம், அதனால வர்ற வெள்ளிக்கிழமை காலை வண்டியில உன் வீட்டுக்கு வர்றோம். சம்மதப் படிவத்தை நான் ஒளிச்சு வைக்கல, அவர்கிட்டதான் கொடுத்தேன். மூணு இடத்துல ஒற்று போட்டார், கீழே கையெழுத்தும் போட்டார், படிச்சுத்தான் பார்க்கல. வண்டி ஏறினதும் சொல்லிக்கிறேன். நாலடி உயர்ந்துட்டா எதிர்ச்சுவருக்கு மேலே கடல் தெரியும்னு அந்தப் பொறியாளர் பொண்ணு சொன்னா. இத்தனை வருஷமா கடல் தண்ணியைத் துடைச்சிருக்கேனே ஒழிய, வீட்டுக்குள்ள உட்கார்ந்து ஒரு நாளும் கடலைப் பார்த்ததில்ல. வேலை முடிஞ்சதும் நீயும் எங்களோட வா. ஜன்னல் பக்கத்துல நாற்காலி போட்டுப் பார்க்கலாம்.