நாற்பது நீலப் பைகள்

ஓய்வு பெற்ற நாற்பத்தோராவது நாள் காலையில் மூடி சார் ஒரு முடிவுக்கு வந்தார். ஜன்னலை மீட்டே தீருவது. இப்படிப்பட்ட முடிவுகளை எழுந்து நின்று எடுப்பதுதான் முறை. அவரும் எழுந்திருக்கத்தான் பார்த்தார். இரண்டு பக்கமும் துணி மூட்டை அடைத்துக்கொண்டிருந்ததால் உட்கார்ந்தபடியே எடுத்தார்.

முப்பத்தொரு வருடம் அவர் டப்பா மூடி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்த்தவர். மூடிகள் தட்டுத் தட்டாக வரும், தட்டுக்கு நாற்பது. ஒவ்வொன்றையும் இரும்பு ஸ்கேலால் அளந்து, சரியாக இருந்தால் 'பாஸ்' என்று முத்திரை குத்துவார். ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். தெருவில் அவருக்கு மூடி சார் என்று பெயர் வந்தது அப்படித்தான். தொழிற்சாலையில் அவருடைய மேஜை ஜன்னலோரம். காலையில் எட்டு மணிக்கு வெயில் அவர் இடது தோளில் விழும். அந்த மேஜையும் வெயிலும் போன பிறகுதான் ஒரு விஷயம் அவருக்கு உறைத்தது. சொந்த வீட்டில் அவருக்கென்று ஓர் இடமும் இல்லை. கூடத்தில் உட்கார்ந்தால், "கொஞ்சம் காலைத் தூக்குங்க" என்று விளக்குமாறு வரும். படுக்கையறையில் உட்கார்ந்தால், உடம்பு சரியில்லையா என்று கேள்வி வரும். அது அவரை உண்மையாகவே வருத்தியது. வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் கோபமாக மாற்றிக்கொண்டார்.

வீட்டில் இருந்த ஒரே நல்ல ஜன்னல் கூடத்து ஜன்னல். அதன் கீழே அவர் மனைவியின் தையல் மெஷின். பதினொரு வருடமாக அங்கேதான் இருக்கிறது. முனைக்கடைத் தையல்காரர் சனிக்கிழமைதோறும் வெட்டிப்போட்ட துண்டுத்துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டி அனுப்புவார். கையகலத் துணியில் மூக்குக்கண்ணாடி உறை, அதைவிடச் சின்னதில் சாவிப் பை, முழங்கை நீளம் கிடைத்தால் தோள்பை, எதற்கும் உதவாத கீற்றுகளை ஒட்டுப்போட்டுச் சூடான பாத்திரம் பிடிக்கும் துணி. எதையும் வீணாக்க மாட்டாள். தெருவில் பாதிப் பேர் தோளில் அவள் பைதான் தொங்கும். வீட்டுக்குள்ளோ டிவி ரிமோட்டுக்குச் சட்டை, மிக்சிக்குத் தொப்பி, கேஸ் சிலிண்டருக்குப் பூப்போட்ட பாவாடை. வெறும் பனியனோடு திரிந்தது மூடி சார் மட்டும்தான்.

அன்று காலை மெஷினுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தொழிற்சாலைக் கூட்டங்களில் பேசும் குரலில் தம் நிபந்தனையைச் சொன்னார். இனி வருகிற ஆர்டர் எதையாவது அவளால் குறித்த நாளில் முடித்துக் கொடுக்க முடியாமல் போனால், மெஷின் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறைக்குப் போய்விட வேண்டும். முடித்துக் கொடுத்துவிட்டால், ஜன்னல் என்ற பேச்சையே அவர் எடுக்க மாட்டார்.

"சரிங்க," என்றாள் அவள். மிதித்த காலை நிறுத்தவில்லை.

இத்தனை சுலபமாக 'சரி' வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது கல்யாணமான எவருக்கும் தெரியும். மூடி சார் சந்தோஷப்பட்டார்.

அன்றே நூலகத்தில் உட்கார்ந்து ஓர் ஆர்டர் எழுதினார். அவளுக்கு வரும் மூட்டையில் ஒரு துணி போல இன்னொரு துணி இருக்காது. அதுதான் அவர் பிடித்த புள்ளி. எல்லாப் பைகளும் ஒரே துணியில் இருக்க வேண்டும். எந்தத் துணி? பொய் நம்பும்படி இருக்க வேண்டுமானால் விவரம் வேண்டும். யோசித்தபடி குனிந்தார். கண்ணில் பட்டதை எழுதினார்: இளநீலம், மெல்லிய வெள்ளைக் கோடு. எத்தனை? நாற்பது. நீளம் இருநூற்றுப் பத்து மில்லிமீட்டர், அகலம் நூற்றைம்பது, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பிழை கூடாது. புதுத்துணி வாங்கக் கூடாது, மிச்சத்துணியில்தான் தைக்க வேண்டும். பதினைந்து நாள் கெடு. எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தார். தப்பிக்க ஓர் ஓட்டைகூட இல்லை.

கொண்டுபோய்க் கொடுக்க எதிர்வீட்டுக் கடிகார ரிப்பேர்க்காரரைப் பிடித்தார். அந்த மனிதர் நல்லவர், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். யாரோ ஒரு விடுதி மேலாளர் தன்னிடம் கடிகாரம் கொடுத்தபோது இதையும் கொடுத்தார் என்று, மனப்பாடம் செய்த பாடத்தைப் போலச் சுவரைப் பார்த்து ஒப்பித்தார்.

அவள் தாளை இரண்டு தடவை படித்தாள்.

"அண்ணே, கோடு ரொம்ப மெலிசா இருக்கணுமா, கொஞ்சம் பட்டையாவா?"

பாடத்தில் இந்தக் கேள்வி இல்லை. ரிப்பேர்க்காரர் திணறினார். திரும்பி, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மூடி சாருடைய சட்டையைப் பார்த்துவிட்டு, "மெலிசுதாம்மா," என்றார்.

"எடுத்துக்கறேன்னு சொல்லிடுங்க," என்றாள் அவள்.

அடுத்த இரண்டு வாரமும் மூடி சாருக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் தையலை நோட்டம் விட்டார். மெஷினில் ரோஜா நிறம் ஓடியது, மஞ்சள் ஓடியது, நீலம் மட்டும் ஓடவில்லை. சனிக்கிழமை வந்த மூட்டையை அவரே பிரித்துப் பார்த்தார். நீலத்தில் ஒரு கைக்குட்டை அளவுகூட இல்லை. பன்னிரண்டாவது நாள் பொறுமை தாங்காமல் டேப்பை எடுத்து ஜன்னலடியை அளக்கக் கிளம்பினார். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. அவளே வந்து பிடித்தாள்.

"எவ்வளவுங்க?"

"ஆயிரத்து எண்ணூத்து நாப்பது மில்லிமீட்டர்."

"நல்ல அகலந்தான்," என்று சொல்லிவிட்டு மெஷினுக்குத் திரும்பினாள். அவருக்கு லேசாக மனசு இளகியது. பாவம், சாமான் அறைக்கு ஒரு பல்பாவது புதிதாகப் போட்டுத் தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அவர் தினமும் ஒன்பது மணிக்கு நூலகத்துக்குக் கிளம்பி ஒரு மணிக்குத் திரும்புகிறவர். அந்த நான்கு மணி நேரத்தில் மெஷினில் என்ன ஓடுகிறது என்ற யோசனையே அவருக்கு வரவில்லை.

பதினைந்தாவது நாள் காலை அவர் குளித்துவிட்டு வந்தபோது கூடத்துப் பாயில் நான்கு வரிசை, வரிசைக்குப் பத்து. நாற்பது பைகள். எல்லாம் இளநீலம், மெல்லிய வெள்ளைக் கோடு. பக்கத்தில் கடிகார ரிப்பேர்க்காரர் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஆர்டர் கொடுத்தவர் ரொம்பக் கறாரான ஆள் போல," என்றாள் அவள். "அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க ஒருதடவை அளந்து பாத்துடுங்க. உங்களை விட்டா இதுக்கு யாரு?"

இரும்பு ஸ்கேலையும் அவளே எடுத்து வைத்திருந்தாள். மூடி சார் பாயில் உட்கார்ந்து அளந்தார். ஒரே ஒரு பையாவது மூன்று மில்லிமீட்டர் பிசகாதா என்று ஏங்கி ஏங்கி அளந்தார். ஒன்றும் பிசகவில்லை. இருபத்தாறாவது பையின் முகப்பில் ஒரு சட்டைப்பை அப்படியே வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. அதன் கீழ்மூலையில் ஒரு மைக்கறை. அந்தக் கறை அவருக்குத் தெரியும். பேனா கசிந்த நாள்கூடத் தெரியும்.

எழுந்து உள்ளே ஓடினார். அலமாரியின் மேல்தட்டில் அவருடைய பன்னிரண்டு வேலைச் சட்டைகள் இருந்தன. தொழிற்சாலை தந்த ஒரே துணியில் தைத்தவை. ஒன்றை மட்டும் வெளியே போகும்போது போட்டுக்கொள்வார், மற்ற பதினொன்றும் இஸ்திரி போட்டபடி அவள் தைத்துக் கொடுத்த துணி உறைக்குள். எதற்காக வைத்திருந்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. உறை தட்டில் கொழுகொழுவென்றுதான் இருந்தது. ஜிப்பைத் திறந்தார். ரோஜா, மஞ்சள், பச்சை, எல்லாத் துண்டுத்துணியும் வழிந்து காலடியில் விழுந்தன.

திரும்பி வந்தபோது அவர் குரல் உடைந்திருந்தது.

"என் சட்டையெல்லாம் வெட்டிட்டியே. மிச்சத்துணியிலதான தைக்கச் சொல்லியிருந்தது? அது முழுச் சட்டை."

"வேலை முடிஞ்சு மிஞ்சினது மிச்சத்துணிதாங்க," என்றாள் அவள். அதைக் கேலியாகச் சொல்லவில்லை. "தட்டுக்கு நாப்பது, இரண்டு மில்லிமீட்டர், இந்த நீலம். இவ்வளவையும் ஒரு தாள்ல எழுதற மேலாளர் இந்த உலகத்துல ஒருத்தர்தான் இருக்கார். அவர் கேட்ட துணியும் அவர் அலமாரியிலதான் இருக்கு. நான் வேற எங்க போய்த் தேடறது?"

மூடி சார் ரிப்பேர்க்காரரைப் பார்த்தார். ரிப்பேர்க்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, அது இரண்டு நிமிஷம் பின்தங்கி ஓடுகிறது என்றார். பிறகு விடைபெறாமலே கிளம்பிப் போய்விட்டார்.

கூடத்தில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். மூடி சார் அந்த மைக்கறைப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். தோற்றுப்போனது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பதினொரு சட்டைகளும் உறைக்குள் இருந்தவரை, என்றாவது ஒரு நாள் கூப்பிட்டு அனுப்புவார்கள் என்று அடிமனதில் ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. அது இப்போதுதான் தெரிந்தது. கண் கலங்கியது. இனி ஜன்னல் என்ற பேச்சையே எடுக்க மாட்டேன், சொன்னால் சொன்னதுதான் என்றார்.

"பேச்சை நீங்க எடுக்க வேணாம். எந்திரிங்க, இந்தப் பக்கம் பிடிங்க," என்று அவள் மெஷினின் ஒரு காலைப் பிடித்தாள். இருவருமாக இடது பக்கம் நகர்த்தினார்கள்.

"மெஷினுக்குத் தொள்ளாயிரம் போதும். நீங்க அளந்த கணக்குல இன்னும் தொள்ளாயிரத்து நாப்பது பாக்கி. உங்க நாற்காலி அறுநூறு. நானும் டேப் பிடிச்சேனில்ல?"

நாற்காலியை அவளே கொண்டுவந்து போட்டாள். அதில் ஒரு புது மெத்தை இருந்தது, இளநீலம், வெள்ளைக் கோடு. நாற்பது பைக்கு வெட்டியது போக மிஞ்சிய துணியில் தைத்ததாம். மூடி சார் உட்கார்ந்தார். வெயில் வந்து இடது தோளில் விழுந்தது. நாற்பத்தோரு நாளும் அதற்கு மேல் பதினைந்து நாளும் அவருக்குள் முறுக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. இந்த வீட்டில் தமக்கும் ஓர் இடம் உண்டு என்று முதல்முறையாக நிம்மதியாக மூச்சு விட்டார். நாற்பது பையையும் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். முனைக்கடைத் தையல்காரர் ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் தன் கடையில் மாட்டக் கேட்டிருக்கிறாராம்.

கண்ணை மூடிச் சாய்ந்தவர் மடியில் ஏதோ கனத்தது. திறந்து பார்த்தார். அந்த வாரம் தைத்த பைகள் ஒரு கூடை நிறைய, மேலே இரும்பு ஸ்கேலும் பிசிறு வெட்டும் சின்னக் கத்தரிக்கோலும்.

பழைய மிடுக்கு அவருக்குத் திரும்பி வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, முதல் பையை வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, நீளம் பார்த்து, அகலம் பார்த்து, முப்பத்தொரு வருடக் குரலில் அறிவித்தார்.

"பாஸ்."

அவள் அவர் கையிலிருந்து பையை வாங்கிப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. திரும்பவும் அவர் மடியிலேயே வைத்தாள்.

"அளக்கறதும் பிசிறு வெட்டறதும்தாங்க உங்க வேலை. பாஸ் பண்றது நான்."