ஒரே ஒரு சாதாரண உறுப்பினர்

“அப்புசாமி துணைத்தலைவர்னா, அப்ப நான் யாரு?” என்று இருளாண்டி கேட்டதும் வீரமுத்து தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

மலாக்கா பக்கம் இருக்கும் புக்கிட் ரம்பாய் தமிழர் நற்பணிச் சங்கத்துக்கு வீரமுத்து அப்போதுதான் தலைவராகியிருந்தார். தொழிற்சாலையில் ஒரு ஷிப்ட் ஆட்களை மேய்க்கிற சூப்பர்வைசருக்குப் பதினாறு பேர் சங்கம் ஒரு பெரிய விஷயமா என்ற தைரியம். பாலாய் ராயா என்ற ஊர்ப் பொது மண்டபத்தில் ஞாயிறுதோறும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் நடத்த வேண்டும். அவருக்கு வேறு ஆசை கிடையாது.

“நீங்களும் துணைத்தலைவர்தாண்ணே. ரெண்டு பேர் இருந்தா என்ன?” என்றார்.

மறுநாள் காலையிலேயே அப்புசாமியின் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. “ரெண்டு பேருன்னா யாரு மொதல்ல, யாரு ரெண்டாவது? அத சொல்லிடு லா.”

கடைசியில் அப்புசாமி துணைத்தலைவராகவே இருக்க, இருளாண்டி இணைத்தலைவர் ஆனார். இரண்டில் எது உசத்தி என்று யாருக்கும் தெரியாததால் இருவருக்கும் திருப்தி.

மோகனாவுக்கு இல்லை. “ஆம்பளைங்களுக்கு மட்டும் போஸ்ட். நாங்க பலகாரம் சுடத்தானா?”

மோகனா மகளிர் பிரிவுத் தலைவி ஆனாள். அவளுடைய அண்ணி சுசீலா, நாத்தனாருக்குக் கீழே தான் இருப்பதா என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள, அவளுக்காகக் குடும்ப நலப் பிரிவு என்று ஒன்று பிறந்தது. திவாகருக்கு இளைஞர் பிரிவு. சங்கத்தில் இருந்த ஒரே இளைஞன் அவன்தான்.

டியூஷன் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் வெளியே காத்திருக்க, பெஞ்சுகள் மூலையில் அடுக்கிக் கிடந்தன.

“இருளாண்டி அண்ணே, ஒரு கை பிடிங்க” என்றார் வீரமுத்து.

“இணைத்தலைவர் பெஞ்சு தூக்குனா நாளைக்கு எவன் மதிப்பான்?”

“திவாகர், நீயாச்சும் வாயேன்.”

“நான் யூத் லா அண்ணே. பெஞ்சு வேற டிபார்ட்மெண்ட்.”

வடிவேலு மட்டும் வந்து தூக்கினார். உருகிப்போன வீரமுத்து அந்த இடத்திலேயே அவரைத் தளவாடப் பொறுப்பாளர் ஆக்கினார். அடுத்த ஞாயிறு முதல் வடிவேலு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “கொஞ்சம் லெஃப்ட்ல தள்ளுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெஞ்சைத் தலைவர் தூக்கினார்.

இப்படியே வருடம் ஓடி ஆண்டுக்கூட்டம் வந்தது. “பொறுப்பாளர்கள் மேடைக்கு வரவும்” என்று செயலாளர் பவானேஸ்வரி அறிவித்தாள். மண்டபமே எழுந்து மேடையேறிவிட்டது.

மலாக்கா டவுனில் வக்கீல் ஆபீஸ் ஒன்றில் கிளார்க்காக இருப்பவள் அவள். கீழே காலி நாற்காலிகளைப் பார்த்ததும் முகம் மாறியது. வீரமுத்துவின் காதருகே குனிந்தாள்.

“அண்ணே, ஆண்டறிக்கைய நாமளே முன்மொழிய முடியாது. பொறுப்புல இல்லாத ஒரு உறுப்பினராச்சும் வேணும்னு நம்ம சட்டத்துல இருக்கு. இல்லன்னா கூட்டம் செல்லாது. அப்புறம் பதிவு போயிடும், மண்டபமும் போயிடும்.”

மண்டபம் போனால் டியூஷன் எங்கே நடத்துவது? வீரமுத்து மேடையில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். “யாராச்சும் ஒருத்தர் பதவிய விட்டுட்டுக் கீழ போய் உக்காருங்களேன்.”

“இணை எறங்கட்டும்” என்றார் அப்புசாமி.

“துணை எதுக்கு இருக்கு?” என்றார் இருளாண்டி.

சுசீலா மோகனாவைப் பார்த்தாள். மோகனா கூரையைப் பார்த்தாள்.

“சரி, நானே எறங்குறேன்” என்று வீரமுத்து எழுந்தார்.

“அப்ப தலைவர் யாரு?” என்று யாரோ கேட்டதுதான் தாமதம், மேடையில் இருந்த அத்தனை கைகளும் உயர்ந்தன. அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் கடைசி வரிசையில் மீனம்மா கண்ணில் பட்டார். ஐம்பது வயதிருக்கும். ஞாயிறு தவறாமல் வருபவர். யார் பேசினாலும் தலையாட்டுவார். ஒரு நாளும் பதவி கேட்டதில்லை, கோபித்துக்கொண்டு எழுந்து போனதில்லை. இப்படி ஒருவரை இத்தனை நாள் கவனிக்காமல் விட்டோமே என்று வீரமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாருங்க! பதவி இல்லாமயும் ஒருத்தர் சங்கத்துக்கு வரலாம்னு காட்டிட்டாங்க” என்றார் மைக்கில்.

“அப்ப அவங்கள ஆலோசகரா போட்டுடலாம்” என்றார் இருளாண்டி.

“வாய மூடுங்கண்ணே!” தலைவரான பிறகு வீரமுத்து சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குள் அப்புசாமி குடிக்க இனிப்பான சிரப் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினார். வடிவேலு தன் கையாலேயே மெத்தை நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்தார். மீனம்மா எல்லாவற்றையும் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டார். வீரமுத்து மேடையிலிருந்து இறங்கி, மைக்கை அவர் முன்னால் பிடித்தார்.

“அக்கா, அறிக்கைய முன்மொழியுறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். சங்கம் பொழைச்சுக்கும்.”

மேடை முழுவதும் எட்டிப் பார்த்தது. மீனம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சொல்றேன் தம்பி, ஆனா இது என்ன சங்கம்? பக்கத்து ரூம்ல என் மவ தையல் கிளாஸ் முடிச்சிட்டு வர்ற வரைக்கும், மேல காத்தாடி சுத்துதேன்னு இங்க வந்து உக்காருறேன் லா.”