பெண் பார்க்கப் போன பேய்க்கார்

பேய்ப்படம் எடுக்கிற வெளிநாட்டுக்காரர்கள் யாரும் தர்மபுரி மாவட்டத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்பது என் உறுதியான நம்பிக்கை. பார்த்திருந்தால், ஆளே இல்லாமல் தானாகக் கிளம்பி வரும் காரைக் காட்டி எங்களைப் பயமுறுத்தலாம் என்று நினைத்திருக்க மாட்டார்கள். எண்பதுகளில் எங்கள் பக்கம் ஒரு கார் தானாகக் கிளம்பினால் அது பேய் இல்லை, தெய்வம். நாலு பேர் இறங்கித் தள்ளாமல் புறப்பட்ட வண்டிக்குத் தேங்காயே உடைக்கலாம். அந்தக் காரில் கதவு தானாகத் திறக்குமாம். எங்கள் டவுன் பஸ்ஸில் கதவு தானாகக் கழன்றே விழும். கண்டக்டர் அதைத் தூக்கி உள்ளே சாத்திவிட்டு மிச்ச டிக்கெட்டைக் கிழிப்பார். முகம் தெரியாத டிரைவர் ஓட்டும் லாரி ஒன்று துரத்துகிறதாம். தொப்பூர் கணவாயில் எந்த லாரி டிரைவரின் முகத்தை யார் பார்த்தார்கள்? நம்மூர்ப் படங்களில் வருகிற ஆளில்லாத குதிரை வண்டியை மட்டும் கொஞ்சம் மதிக்கலாம். அதில் குதிரைக்காவது வழி தெரிந்திருக்கும்.

இவ்வளவு நக்கலாகப் பேசுகிற நான்தான் அப்படிப்பட்ட ஒரு காரில் ஏறிப் பெண் பார்க்கப் போனவன்.

அப்போது தர்மபுரியில் ஒரு சினிமாக் கொட்டகையில் எனக்கு வேலை. வண்டியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படத்துக்கு விளம்பரம் சொல்ல வேண்டும். சொந்த ஊரான இண்டூரில் இதை ‘மைக்கில் கத்துற வேலை’ என்றார்கள். நான் ‘குரல் கலைஞன்’ என்று சொல்லிக்கொண்டேன். (வேறு யாரும் சொல்லவில்லை.)

கொட்டகை முதலாளி ஒருமுறை எங்கிருந்தோ ஒரு பழைய இங்கிலீஷ் பேய்ப்படத்தைப் பிடித்துவந்தார். டிரைவர் இல்லாத கார் ஒன்று ஊரில் இருப்பவர்களை எல்லாம் தேடித் தேடி ஏற்றிக் கொல்வதுதான் கதை. அந்தக் காலத்தில் இங்கிலீஷ் படங்களுக்குப் போஸ்டரில் ஒரு தமிழ்ப் பெயர் வைப்பார்கள். படத்தைப் பார்க்காதவர்தான் பெயர் வைக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். எங்கள் முதலாளி ‘ஆளில்லாக் கார்’ என்று வைத்தார். வைத்த கையோடு, விளம்பரத்துக்கும் ஆளில்லாத கார்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அதைச் செய்து காட்டியவர் டாக்ஸி ஓட்டும் அன்வர் பாய். தன்னுடைய பழைய கறுப்பு பிளசரின் (எங்கள் பக்கம் காருக்கு அதுதான் பெயர்) முன்சீட்டை மொத்தமாகக் கழற்றிவிட்டு, தரையில் ஒரு பலகை போட்டு உட்கார்ந்தார். மனிதர் கட்டை வேறு. ஸ்டியரிங்கின் இடுக்கு வழியாக ரோட்டைப் பார்த்து ஓட்டுவார். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே யாருமே இருக்க மாட்டார்கள். பானெட்டில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு மண்டை ஓடு, அதில் சிவப்பாக இரண்டு கண். பின்சீட்டைச் சுற்றிக் கறுப்புத் திரை, திரைக்குள் மைக்கோடு நான். “வருகிறது... வருகிறது... உங்கள் தெருவுக்கே வருகிறது...” என்று அடிவயிற்றிலிருந்து இழுத்து, முடிவில் ஒரு சிரிப்புச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு முதலாளி சொல்லிக் கொடுத்தது இல்லை, என் சொந்தக் கற்பனை.

தர்மபுரியில் படம் படுத்ததும் படப்பெட்டி கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு டெண்ட் கொட்டகைக்குப் போனது. நாங்களும் பின்னாலேயே போய் அந்தப் பக்கத்துக் கிராமங்களை எல்லாம் கலக்கிவிட்டு வந்தோம். திரைக்குள் இருந்ததால் எந்த ஊரில் கத்தினேன் என்பது எனக்கே தெரியாது. இந்த இடத்தைக் கொஞ்சம் கவனத்தில் வையுங்கள்.

அதே வாரம் என் தாய்மாமன் எனக்கு ஒரு பெண் பார்த்து வைத்திருந்தார். கம்பைநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் நிலபுலன் உள்ள குடும்பம், பெண்ணின் பெயர் தவமணி. மாப்பிள்ளை விளம்பரக் கம்பெனியில் இருக்கிறார் என்று மாமா சொல்லி வைத்திருந்தார். பொய் என்று அதைச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட குடும்பத்துக்குப் பஸ்ஸில் போய் இறங்கினால் மரியாதை இல்லையென்று ஒரு வெள்ளைக் காருக்கும் ஏற்பாடு செய்திருந்தார். முகூர்த்த நாள். வெள்ளைக் கார் பெரிய இடத்துக் கல்யாணத்துக்குப் போய்விட்டது. ராகு காலம் தொடங்குவதற்குள் பெண் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும். தர்மபுரி முழுக்கத் தேடியதில் கிடைத்தது ஒரே ஒரு வண்டி. எது என்று சொல்லத் தேவையில்லை.

அன்வர் பாய் தங்கமான மனிதர். ஸ்பீக்கரையும் திரையையும் கழற்றினார். மண்டை ஓட்டை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். ஓடு போய்விட்டது, கண் இரண்டும் போகவில்லை. அம்மாவுக்கு மனசு கேட்காமல், மங்களகரமாக இருக்கட்டும் என்று அந்த இரண்டு கண்ணுக்கும் நடுவில் சந்தனம் குங்குமம் வைத்தார். முன்சீட் மட்டும் கிடைக்கவில்லை. முதலாளி அதைத் தன் அறையில் சோபாவாகப் போட்டுக்கொண்டு, அறையைப் பூட்டிவிட்டு வெளியூர் போயிருந்தார். ஆக, அன்வர் பாய் பழையபடி பலகையில் உட்கார்ந்தார். பின்னால் அம்மா, மாமா, நடுவில் பட்டு வேட்டியில் நான்.

கம்பைநல்லூர் தாண்டி அந்த ஊருக்குள் நுழைந்தபோது தெருவில் பெண்கள் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் கட்டையோடு எழுந்து வீட்டுக்குள் ஓடினார்கள். ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வந்தது. நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு, டிரைவர் இல்லாமல், மூன்று பேரைப் பிணம் மாதிரி விறைப்பாக உட்காரவைத்துக்கொண்டு ஒரு கார் வந்தால் வேறு என்ன செய்வார்கள்? மாமாவுக்கு இது புரியவில்லை. மாப்பிள்ளை வருகிறாரென்று பெண்கள் வெட்கப்படுகிறார்கள் என்று அம்மாவிடம் விளக்கம் சொன்னார்.

பெண்ணின் அப்பா வாசலில் நின்றிருந்தார். தரையிலிருந்து அன்வர் பாய் முளைத்து வருவதைப் பார்த்தார், பானெட்டைப் பார்த்தார், எங்களை உள்ளே கூட்டிப்போனார்.

தவமணி காப்பி கொண்டுவந்தாள். தலையைக் குனிந்துகொண்டு வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நேராக என் முகத்தைப் பார்த்து, சுடும், பார்த்துப் பிடியுங்கள் என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது கன்னத்தில் தெரிந்தது. அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன், கட்டினால் இவளைத்தான். (அதற்கு முன் பார்த்த பெண்களிடமும் இப்படித்தான் முடிவு செய்தேன். அவர்கள் வேறு முடிவு செய்தார்கள்.) ஆனால் இந்த முறை நெஞ்சு நிஜமாகவே அடித்துக்கொண்டது. இவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

டம்ளருக்குள் பார்த்தால் கறுப்பாக ஒரு வெல்லக் காப்பி. பால் ஒரு சொட்டு இல்லை. மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. முதன்முதலாக வீடு தேடி வந்தவர்களுக்கு வரக்காப்பி கொடுப்பதுதான் இந்த ஊர் மரியாதையா என்று கேட்டேவிட்டார். பெண்ணின் அப்பா அதற்காகவே காத்திருந்தவர் போலத் தொடங்கினார். வீட்டில் கறவை எருமை இருக்கிறது, வேளைக்குச் செம்பு வழியக் கறக்கும், ஆனால் நாலைந்து நாளாக ஒரு பொட்டுப் பால் இறக்கவில்லை. ஒரு பேய்ப் பிளசர் தெருவுக்குள் வந்து கத்திவிட்டுப் போனதிலிருந்து இப்படித்தான்.

“வண்டி மேல குத்தமில்லீங்க. பாய் மேலயும் குத்தமில்ல, அவரு வயித்துப் பொழப்பு. உள்ள உக்காந்துக்கிட்டு ஒருத்தன் ஊளையிட்டான் பாருங்க, அவன் மட்டும் கைல கெடச்சா தொண்டையில சூடு வெக்காம வுட மாட்டேன்.”

என் குரலுக்கு அதுவரை கிடைத்த ஒரே விமர்சனம் அது. இரவு பகலாக நான் வளர்த்த கலையை ‘ஊளை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அன்வர் பாய் வாசற்படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். நான் காப்பியைப் பார்த்தேன்.

அப்புறம் வழக்கம்போல, மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசட்டுமே என்றார்கள். என்ன படித்திருக்கிறேன் என்று பெண்ணின் அப்பா கேட்டார். வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வேன், திறக்காவிட்டாலும் கதை முடிந்தது. தொண்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கதவுக் கீலுக்கு எண்ணெய் போடாத மாதிரி ஒரு குரலில், “பி.யூ.சிங்க” என்றேன்.

அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மாமாவுக்குப் புரை ஏறியது. அன்வர் பாய் துண்டை வாயில் திணித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பெண்ணின் அப்பா பரிதாபமாக, தொண்டை கட்டியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை, பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்று அதே குரலில் சொல்லிவைத்தேன். பெற்ற தாய் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அப்படி ஒரு பொய் சொல்ல எனக்குத்தான் வரும்.

கொஞ்ச நேரத்தில் சமையல்கட்டிலிருந்து தவமணியின் குரல் கேட்டது. தன் அம்மாவிடம்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“ஆளக் கொற சொல்லலம்மா. இந்தக் கொரல்ல காலம் பூரா என்னியக் கூப்புட்டா நான் சிரிச்சே செத்துருவேன். வேணாம்.”

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். பெண்ணின் அப்பா சங்கடத்தோடு கையைப் பிசைந்தார். பேசாமல் போனால் தொண்டை தப்பும், தவமணி போய்விடுவாள். பேசினால் தவமணி கிடைப்பாளோ என்னவோ, தொண்டை நிச்சயம் போகும். வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக ஒரு வீரம் வந்தது. எழுந்து நின்று தொண்டையைச் செருமினேன்.

“இதுதாங்க என் சொந்தக் கொரலு. எனக்கு உங்க பொண்ணப் புடிச்சிருக்குதுங்க.”

நன்றாகத்தான் சொன்னேன். கணீரென்று வீடு முழுக்கக் கேட்டது. வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பின்பக்கம் மாட்டுக்கொட்டாயில் படாரென்று கயிறு சுண்டி இழுபட்ட சத்தம். அடுத்து முளைக்குச்சி பிடுங்கிக்கொண்ட சத்தம். அதற்கடுத்து வீட்டு ஓரச் சந்து வழியாக ஒரு பெரிய எருமை வந்து, தெருவில் காய்ந்த புளியை எல்லாம் மிதித்துச் சிதறடித்துக்கொண்டு, காட்டுப் பக்கம் பறந்தது.

பெண்ணின் அப்பா எருமை போன திசையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அதற்கு மேல் சாட்சி எதுவும் தேவைப்படவில்லை.

நான் ஓடினேன். மாப்பிள்ளைப் பையன் எருமையைப் பிடிக்க எவ்வளவு பொறுப்பாக ஓடுகிறான் பார் என்று ஊர் நினைத்தது. நான் பெண்ணின் அப்பாவிடமிருந்து ஓடிக்கொண்டிருந்தேன். எருமையும் அதே வழியில் போனது என் தலையெழுத்து. முன்னால் எருமை, பின்னால் நான், எனக்குப் பின்னால் அவர், அவருக்குப் பின்னால் எதற்கென்றே தெரியாமல் மாமா. இது போதாதென்று, உதவி செய்ய நினைத்த அன்வர் பாய் குறுக்கு வழியில் காரை ஓட்டிவந்து எருமைக்கு எதிரில் நிறுத்தினார். நடுவில் பொட்டு வைத்த அந்த இரண்டு கண்ணையும் பார்த்த எருமை அப்படியே திரும்பி என்னை நோக்கி வந்தது. எந்த இங்கிலீஷ் படத்திலும் நான் பார்க்காத காட்சி அது. பட்டு வேட்டியோடு கேழ்வரகுக் கொல்லைக்குள் விழுந்தேன்.

கண்ணைத் திறந்தபோது எருமை சாதுவாக நின்றிருந்தது. அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு தவமணி நின்றிருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“வாயத் தொறக்காதீங்க” என்றாள்.

அவள் அப்பா மூச்சிரைக்க வந்து வரப்பில் உட்கார்ந்தார். சூடு வைக்கிற தெம்பு அவருக்கு மிச்சம் இல்லை. இந்த ஆளா வேணும் என்கிற மாதிரி மகளைப் பார்த்தார்.

“பொய்க் கொரலுக்குத்தான் வேணாம்னு சொன்னேன். இது நல்லாத்தான் இருக்குது. கட்டிக்கப் போறது நானா, எருமையாப்பா?” என்று கேட்டாள்.

அவர் நீண்ட நேரம் யோசித்தார். அதில்தான் எனக்கு இன்றுவரை வருத்தம்.

கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். அந்த எருமை இருக்கும்வரை, அவர் வீட்டில் மட்டுமில்லை, அந்த ஊர் எல்லைக்குள்ளேயே நான் வாயைத் திறக்கக் கூடாது. தலையாட்டினேன். கல்யாணத்தைத் தீர்த்தமலையில் வைத்தோம். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், மலைமேல் எருமை வராது.

எருமைகளுக்கு இவ்வளவு ஆயுசு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பொங்கல், ஆடி, மச்சான் கல்யாணம், பங்காளி வீட்டுச் சாவு என்று எதற்குப் போனாலும் வாய் திறக்காமல் சைகையிலேயே காலம் தள்ளினேன். குழம்பு வேண்டுமென்றால் ஒரு சைகை, ரசம் என்றால் வேறு ஒன்று. தவமணி வீட்டுக்காரர் பாவம், பிறவியிலேயே வாய் பேச முடியாதவர் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. தங்கமான பெண், எப்படிப்பட்ட மனசு என்று அவளுக்கு நல்ல பெயர். அவளும் மறுக்கவில்லை.

எருமை போய், மாமனாரும் போய் வெகு காலம் ஆகிறது. அதற்கப்புறமும் ஊர் கட்டிய முடிவை உடைக்க மனசு வராமல் அங்கே சைகையிலேயே இருந்துவிட்டேன். போன மாதம் ஒரு விசேஷத்துக்கு அந்த ஊருக்குப் போயிருந்தோம். தவமணிக்குப் பெரியப்பா முறையாகும் ஒரு கிழவர் என்னைப் பார்த்து, கையை வாய்க்குக் கொண்டுபோய், சாப்பிட்டாயிற்றா என்று சைகையில் கேட்டார். வயசான மனிதர், எத்தனை நாளைக்குத்தான் ஏமாற்றுவது என்று தோன்றியது.

“ஆச்சுங்க” என்று வாய்விட்டுச் சொன்னேன்.

கிழவர் கைத்தடியை நழுவவிட்டுத் தவமணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தீர்த்தமலை சாமி கண்ணைத் திறந்துவிட்டது, இவனுக்குப் பேச்சு வந்துவிட்டது என்று அவர் கண்ணில் தண்ணீர்.

“ஆமாங்க பெரியப்பா, நான் வேண்டாத சாமியில்ல” என்றாள் தவமணி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. எங்கே, இன்னும் ஒரு வார்த்தை பேசச் சொல்லம்மா, காதால் கேட்கிறோம் என்று எல்லோரும் கெஞ்சினார்கள். பக்கத்து வீட்டுக் கொட்டாயில் ஏதோ ஒரு கறவை மாடு கட்டியிருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.